ஆசிரியர்களுக்கு வகுப்பறைத் தொழில்நுட்பம் பழக்கப்போகும் புதிய பாடசாலை நூலகருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

பாடசாலைக்கு ஸ்மார்ட் பலகை என்னும் பெரிய தொடுதிரையோ புரொஜெக்டரோ வந்து இறங்கும் நாளில், அதைப் பொருத்த வந்தவர்கள் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த விளக்கத்தைக் கேட்ட ஆசிரியர்களுள் சிலர் அடுத்த இடமாற்றத்தில் வேறு பாடசாலைக்குப் போய்விட, எஞ்சியவர்கள் பழக்கமின்மையால் மறந்துவிட, ஈற்றில் "நூலகத்தில்தானே கணினி இருக்கிறது, நூலகரே சொல்லிக் கொடுக்கட்டும்" என்று அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்து சேரும். திருகோணமலையில் ஆசிரிய நூலகராகக் கடமையாற்றியவாறு இந்தப் பொறுப்பை ஏற்ற காலத்தில், எந்தக் கடிதம் எப்போது யாருக்குப் போக வேண்டும், எந்தக் கம்பி இல்லாவிட்டால் பயிற்சி நின்றுபோகும், ஆசிரியர்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பவற்றை ஒரே இடத்தில் சொல்லித்தர எனக்கு யாரும் இருக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆசிரியர் அடுத்த வாரம் எடுக்கப்போகும் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினால் அவர் கற்றுக்கொள்வார். கருவியின் பொத்தான்களிலிருந்து தொடங்கினால் மரியாதைக்காகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். கீழே வரும் படிகள் யாவும் இந்த ஓர் எண்ணத்தைச் சுற்றியே அமைந்தவை.

1. அனுமதியை எழுத்தில் பெறுங்கள்

அதிபர் வாய்மொழியாக "செய்யுங்கோ" என்று சொன்னது போதும் என்று எண்ண வேண்டாம். பாடசாலை நேரத்தில் ஆசிரியர்களைக் கூட்டுவது, பெறுமதியான பொருட்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றுவது, சிறு தொகையேனும் செலவிடுவது ஆகிய மூன்றுக்கும் பின்னொரு நாளில் விளக்கம் கேட்கப்படலாம். ஆகவே ஒரு பக்கத்துக்கு மேற்படாத கோரிக்கைக் கடிதம் ஒன்றை அதிபருக்கு எழுதுங்கள். பயிற்சியின் நோக்கம், பங்குபற்றும் பாடப்பிரிவுகள், உத்தேச நாட்கள், தேவைப்படும் அறையும் பொருட்களும், செலவு மதிப்பீடு ஆகியவை அதில் இருக்கட்டும். அவர் அங்கீகரித்துக் கையொப்பமிட்ட பிரதியை உங்கள் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். அமர்வு நடந்த அன்றே, பாடசாலையின் நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இடம்பெறும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மேற்பார்வைக்கு வருபவர்களிடம் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இயலுமானால் உங்கள் பயிற்சியைப் பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற தலைப்பின் கீழ்ப் பாடசாலையின் ஆண்டுத் திட்டத்தில் ஒரு வரியாகவேனும் சேர்த்துவிடுங்கள். திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் கேட்பது கடினம். அடுத்த ஆண்டுக்கான திட்டம் மூன்றாம் தவணையிலேயே உருவாகத் தொடங்கிவிடும் என்பதால், தை மாதத்தில் நினைவு வந்து அதிபரின் அறைக்குப் போவதில் பயன் குறைவு.

பயிற்சி நடத்த வெளியிலிருந்து வளவாளர் ஒருவரை அழைப்பதானால் வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவித்து அனுமதி பெற வேண்டும். எமது மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் இருப்பதால், நீங்கள் விரும்பும் வளவாளர் வேறொரு வலயத்தில் கடமையாற்றுபவராகவும் இருக்கக்கூடும். அவ்வாறாயின் அவருடைய அதிபரும் வலயமும் அவரை விடுவிக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரங்களை ஒதுக்கி வையுங்கள். கடிதத்தில் "அதிபர் ஊடாக" என்ற வரி விடுபடக் கூடாது. அந்த ஒரு வரி இல்லாததால் கடிதம் திரும்பி வந்து, குறித்த நாளும் கைநழுவிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

2. அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்

பொருட்பதிவேட்டில் இருப்பதும் அலுமாரியில் இருப்பதும் பல பாடசாலைகளில் ஒன்றாக இருப்பதில்லை. பயிற்சி நாளைக் குறிப்பதற்கு முன்னரே, பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து, பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, மின்சாரத்தில் இணைத்துப் பாருங்கள். மல்டிமீடியா புரொஜெக்டரின் ரிமோட்டில் பற்றரி ஒழுகியிருக்கும். மடிக்கணினியின் சார்ஜர் யாரோ ஒருவரின் வீட்டில் இருக்கும். உத்தரவாத அட்டை காணாமற் போயிருக்கும். உத்தரவாத அட்டை கிடைத்தால், அதில் உள்ள தொலைபேசி இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் ஒரு தாளில் எழுதிப் பலகைக்கு அருகிலேயே ஒட்டுங்கள்.

ஸ்மார்ட் பலகையை மடிக்கணினியோடு இணைக்க இரண்டு கம்பிகள் வேண்டும். படமும் ஒலியும் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வரும்; திரையைத் தொடும்போது அந்தத் தொடுகை மடிக்கணினிக்குப் போவதற்குத் தனியாக ஒரு யு.எஸ்.பி. கம்பி தேவை. இந்த இரண்டாவது கம்பியை ஒருவர் எடுத்துப் போய்விட்டால், படம் அழகாகத் தெரியும், விரலால் எத்தனை முறை தொட்டாலும் ஒன்றும் நடக்காது. பலகை பழுதாகிவிட்டது என்ற பேச்சு அன்றே ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்விடும். ஆகையால் இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கட்டி, பாடசாலையின் பெயர் எழுதிய ஒட்டுத்தாளை அவற்றில் சுற்றுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய வி.ஜி.ஏ. துளை இல்லை, பழைய புரொஜெக்டர்கள் சிலவற்றில் அது மட்டுமே உண்டு. இரண்டையும் இணைக்கும் மாற்றி ஒன்றை வாங்கி வைத்தால் பல நாட்களைக் காப்பாற்றும்.

இன்னொன்றையும் ஆசிரியைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல ஸ்மார்ட் பலகைகளின் சட்டத்தின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் ஓடுகின்றன. அவற்றை மறிக்கும் எதையும் பலகை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். சேலையின் முந்தானை திரையில் உரசினால் எழுதிய எழுத்தின் குறுக்கே கோடு விழும், பக்கம் தானாக நகரும். பலகையில் தவறில்லை, ஆசிரியையின் கையிலும் தவறில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகைக்கு ஒரு பக்கமாக நின்று எழுதப் பழக்கினால் தீர்ந்துவிடும். சட்டத்தில் சுண்ணக்கட்டித் தூள் படிந்தாலும் இதே தொல்லை வரும் என்பதால், ஸ்மார்ட் பலகை இருக்கும் அறையில் கரும்பலகையைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

எமது ஊரின் காற்றில் உப்பு இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலைகளில் கம்பிகளின் உலோக முனைகள் விரைவில் பச்சை பிடிப்பதைக் காணலாம். முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமின்னல் மிகும். பாடசாலை விடும்போது சுவரிலுள்ள ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது, செருகியையே கழற்ற வேண்டும் என்பதைப் பலகைக்கு அருகில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

3. ஆசிரியர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

"உங்களுக்குக் கணினி தெரியுமா?" என்று கேட்டுப் படிவம் கொடுக்க வேண்டாம். இருபது வருடம் கற்பித்த ஓர் ஆசிரியர் அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று எழுதிக் கையொப்பமிட விரும்பமாட்டார். தெரியும் என்று எழுதினாலும் உங்களுக்கு அதனால் பயனில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த இரண்டு வாரங்களில் மாணவர்களுக்கு விளங்கவைக்கச் சிரமமாக இருக்கும் என்று அவர் நினைக்கும் பாடம் எது என்று மட்டும் கேளுங்கள். பெயர், பாடம், தரம், அந்தப் பாடத்தின் தலைப்பு என்று நான்கு வரிகள் போதும்.

இப்படிக் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று புவியியல் ஆசிரியை ஒருவருடையது. கழிமுகம் என்பதைப் பாடநூலின் சிறிய படத்தைக் காட்டி விளக்கினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே தவிரக் கண்முன் காண்பதில்லை என்று அவர் எழுதியிருந்தார். கூகுள் ஏர்த்தில் எங்கள் பாடசாலையின் கூரையில் தொடங்கி, துறைமுகத்தைக் கடந்து, மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழும் இடம் வரை நகர்த்திக் காட்ட அவருக்கு நான் பழக்கிய நேரம் ஒரு பாடவேளைக்கும் குறைவு. மூதூரிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கள் ஊரை அடையாளம் கண்டு சத்தமிட, அந்த ஆசிரியை அடுத்த நாளே ஸ்மார்ட் பலகை அறைக்கான பதிவுப் புத்தகத்தைத் தேடி நூலகத்துக்கு வந்தார்.

இந்தப் படிவங்கள் வந்ததும், ஒரே வகையான தேவை உள்ளவர்களைச் சேர்த்துச் சிறு குழுக்களாக்குங்கள். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மூத்த ஆசிரியர்களை, அவர்களிடம் படித்துப் பின்னர் அதே பாடசாலைக்கு ஆசிரியராக வந்தவர்களோடு ஒரே குழுவில் இருத்தாதீர்கள். தடுமாறுவதைத் தன் பழைய மாணவர் பார்க்கிறாரே என்ற கூச்சம் கற்றலை நிறுத்திவிடும்.

4. நேரசூசியையும் நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்

பாடசாலை 1.30க்கு விட்டதும் பயிற்சி வைக்கலாம் என்றே முதலில் தோன்றும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு அந்த நேரம் பேருந்து நேரம். பசியோடும் கைக்குழந்தையின் நினைவோடும் இருப்பவருக்கு எதையும் கற்பிக்க முடியாது. ஆசிரியர்களின் ஓய்வுப் பாடவேளைகளை நேரசூசியில் குறித்து, ஒரே வேளையில் ஓய்வாக இருக்கும் நால்வரையோ ஐவரையோ அழைப்பதே எனக்குச் சரிவந்த வழி. ஒரு பாடவேளை நாற்பது நிமிடமளவே. அதற்குள் முடியும் அளவுக்கே பயிற்சியைத் திட்டமிடுங்கள். பதிலீட்டுக்கு அவர்களை வேறு வகுப்புக்கு அனுப்பிவிடாதிருக்கும்படி, நேரசூசிக்குப் பொறுப்பான பிரதி அதிபரிடம் முதல் நாளே பெயர்களைக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் பலகையை இயக்கிவிட்டுத் தனியே நிற்க நேரும்.

வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். முஸ்லிம் ஆசிரியர்களுக்கு ஜும்ஆத் தொழுகை உண்டு, மற்றவர்களுக்கும் அன்று கோயில் உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம், தவணைப் பரீட்சை வாரங்கள், பாடசாலை பரீட்சை நிலையமாகும் நாட்கள், நவராத்திரிக் காலத்தில் வாணி விழா ஆயத்தம் நடக்கும் வாரம் ஆகியவற்றையும் முன்கூட்டியே வெட்டிவிட்டால், ஒரு தவணையில் உங்களுக்கு மிஞ்சுவது ஆறு அல்லது ஏழு வாரங்களே. அதற்கு ஏற்ற அளவில் ஆசைப்படுங்கள்.

5. பாமினியைத் தாண்டாமல் எதுவும் நடக்காது

தமிழ்மொழி மூலப் பாடசாலையில் இந்தப் படி மிக முக்கியமானது. வெளியிலிருந்து வரும் வளவாளர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. எங்கள் ஆசிரியர்களிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வினாத்தாள்களும் குறிப்புகளும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்னும் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. வீட்டுக் கணினியில் அழகாகத் தெரியும் அந்தக் கோப்பை, பாமினி நிறுவப்படாத மடிக்கணினியிலோ ஸ்மார்ட் பலகையிலோ திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மாணவர்களின் முன்னால் இது நடந்தால், அந்த ஆசிரியர் மறுபடி அந்த அறைக்கு வருவது நிச்சயமில்லை.

உடனடித் தீர்வு எளிது. எந்தக் கணினியில் கோப்பு சரியாகத் தெரிகிறதோ, அதே கணினியில் அதை பி.டி.எஃப். ஆகச் சேமித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பி.டி.எஃப். கோப்பு எழுத்துருவையும் தன்னோடு எடுத்து வரும். நாளைக்கே பாடம் எடுக்க வேண்டியவருக்கு இது போதும்.

நிலையான தீர்வு, எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டுக்குக் கோப்புகளை மாற்றுவது. பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பந்தியைப் பிரதி செய்து பெட்டியில் இட்டால் மறுபக்கத்தில் யுனிகோட் வரும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மாற்றி, ஆங்கில எழுத்துகள் எல்லாவற்றையும் பாமினி என்றே கருதும். ஆகவே விஞ்ஞான, கணித வினாத்தாள்களில் உள்ள சென்ரிமீற்றர், கிலோகிராம் போன்ற அலகுகளின் ஆங்கிலக் குறியீடுகளும், முக்கோணியின் உச்சிகளுக்கு இட்ட எழுத்துகளும், இரசாயனச் சூத்திரங்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். மாற்றிய பின்னர் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பாட ஆசிரியர்களிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். பரீட்சை வினாத்தாளை இறுதி நாளில் மாற்ற முயல வேண்டாம்.

அடுத்ததாக வரும் கேள்வி, "எனக்குப் பாமினி விசைப்பலகைதானே பழக்கம், இனி எப்படிப் புதிதாகப் பழகுவது?" என்பது. பழக வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருட்களில் பாமினி விசை ஒழுங்கைத் தெரிவு செய்யலாம். விரல்கள் பழைய இடத்திலேயே தட்டும், திரையில் விழுவது யுனிகோட்டாக இருக்கும். பல ஆண்டுகள் தட்டச்சு செய்து பழகிய ஆசிரியர் ஒருவருக்கு இதைக் காட்டியபோது அவர் முகத்தில் தெரிந்த ஆறுதலை நீங்களும் காண்பீர்கள். தட்டச்சே தெரியாதவர்களுக்குக் கைத்தொலைபேசியில் குரல்வழித் தமிழ் உள்ளீட்டைக் காட்டுங்கள். நிறுத்தற்குறிகளைப் பின்னர் இட்டுக்கொள்ளலாம்.

6. முதல் அமர்வில் நான்கே வேலைகள்

முதல் நாற்பது நிமிடத்தில், பலகையை முறையாக இயக்குவது, தன் பென்டிரைவிலிருந்து தன் கோப்பைத் திறப்பது, அதன் மேல் எழுதி அழிப்பது, எழுதியதைச் சேமித்து முறையாக நிறுத்துவது என்ற நான்கை மட்டும் செய்யுங்கள். விளையாட்டு வினாடிவினா, காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றையும் முதல் நாளே காட்டினால் வியப்போடு பார்ப்பார்கள். மறுநாள் இயக்கும் பொத்தான் எங்கே என்று கேட்பார்கள்.

பேனா எப்போதும் ஆசிரியரின் கையில் இருக்கட்டும். அவர் தயங்கும்போது நாம் முன்னே போய்த் தொட்டுவிடத் தோன்றும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழிகாட்டுங்கள். ஆறு பேர் என்றால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும், மற்றவர்கள் பார்த்திருந்தே பாதியைக் கற்றுவிடுவார்கள்.

இந்த அமர்வில் அடிக்கடி வரும் சிக்கல்களையும் அறிந்து வைத்திருங்கள். பென்டிரைவைப் பலகை ஏற்கவில்லை என்றால், அது எந்த முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சில பலகைகள் ஃபாட்32 வடிவத்தை மட்டுமே வாசிக்கும், அந்த வடிவத்திலோ 4 ஜி.பி.யை விடப் பெரிய தனிக் கோப்பை வைக்க முடியாது. கோப்புகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருந்தால் பென்டிரைவில் வைரஸ் இருக்கிறது; அதைப் பலகையிலோ மடிக்கணினியிலோ திறக்காமல், முதலில் நூலகக் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதியுங்கள். மடிக்கணினியின் படம் திரையில் வராவிட்டால் விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி, இரட்டிப்பு என்ற தெரிவை எடுக்கச் சொல்லுங்கள். பலகையில் எழுதியதைச் சேமிக்காமல் நிறுத்தினால் அது போய்விடும். புரொஜெக்டரை ரிமோட்டால் நிறுத்திய பின்னர், உள்ளே உள்ள விசிறி சுழன்று முடியும் வரை செருகியைக் கழற்றக் கூடாது. சூடு தணியாமல் மின்சாரத்தைத் துண்டிப்பது மின்குமிழின் ஆயுளைக் குறைக்கும்.

7. இணையம் இல்லாத நாளுக்கும் சேர்த்துப் பழக்குங்கள்

ரவுட்டர் அலுவலகத்தில் இருக்கும், ஸ்மார்ட் பலகை மேல்மாடியில் இருக்கும். அலைவரிசை அங்கே எட்டாதபோது ஆசிரியர்கள் தங்கள் கைத்தொலைபேசியின் டேட்டாவைச் செலவிடத் தொடங்குவார்கள். நடுத்தரத் தெளிவுள்ள காணொளியை ஒரு மணி நேரம் பார்க்க ஏறக்குறைய அரை ஜி.பி. செல்லும்; உயர் தெளிவில் அதன் மூன்று மடங்கும் தாண்டும். ஆசிரியரின் சொந்தப் பணத்தில் ஓடும் வகுப்பு நீண்ட நாள் ஓடாது. ஆகவே, தேவையானவற்றை முதல் நாளே நூலகத்தில் தரவிறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் செல்லும் பழக்கத்தை உண்டாக்குங்கள். இந்த இடத்தில்தான் நூலகராகிய உங்களுக்குத் தனியான பயன் இருக்கிறது: எது எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவர் நீங்கள்.

பாடநூல்களின் பி.டி.எஃப். பிரதிகள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகளையும் பாடத்திட்டங்களையும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பெறலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழி மூலப் பாடங்கள் தரம் வாரியாக உள்ளன. தமிழ், வரலாறு கற்பிப்பவர்களுக்கு 2005 முதல் இயங்கிவரும் "நூலகம்" என்ற பெயருள்ள இணைய எண்ணிம நூலகத்தைக் கட்டாயம் காட்டுங்கள். இலங்கைத் தமிழ் இதழ்களும் நூல்களும் அங்கே பக்கம் பக்கமாக வாசிக்கக் கிடைக்கின்றன. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாகத் தரவிறக்கி ஒரு பழைய மடிக்கணினியில் வைத்தால், இணையமே இல்லாமல் அதில் தேடலாம். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பாடசாலைகளில் கடமையாற்றும் நூலகர்களுக்கு இதை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன்.

தரவிறக்கியவற்றைத் தரம், பாடம், தவணை என்ற ஒழுங்கில் கோப்புறைகளாக்கி, நூலகக் கணினியில் ஒரு பிரதியும் வெளி வன்தட்டில் ஒரு பிரதியும் வையுங்கள்.

8. செலவும் பணம் வரும் வழியும்

பயிற்சிக்கு அதிகம் செலவில்லை. ஐந்து மீற்றர் நீளமான எச்.டி.எம்.ஐ. கம்பி இரண்டாயிரம் ரூபாயை ஒட்டியும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வைத் தாங்கும் பல்முனைச் செருகி மூவாயிரத்தை ஒட்டியும், 64 ஜி.பி. பென்டிரைவ் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள்ளும் வரும் என்று மதிப்பீட்டில் போடுங்கள். கடைக்குக் கடை விலை மாறும். தேநீரும் ஒரு சிற்றுண்டியும் ஆளுக்கு இருநூறு ரூபாயளவில் முடியும். கைந்நூல் என்று தடித்த பிரதி எடுக்க வேண்டாம். முதல் அமர்வின் நான்கு வேலைகளையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் படத்தோடு அச்சிட்டு, பொலித்தீன் உறையிட்டுப் பலகைக்கு அருகில் தொங்கவிடுங்கள்.

பணத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை அணுகுவதானால், செயற்குழு கூடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக மதிப்பீட்டைக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறி, அறிக்கையில் பதிவாகி, காசோலை கைக்கு வர ஒரு மாதம் செல்லலாம். சற்றுப் பெரிய பொருளென்றால் மூன்று கடைகளின் விலைமனுவை இணைக்க வேண்டும். பற்றுச்சீட்டு பாடசாலையின் பெயரிலேயே, திகதியோடும் கடையின் முத்திரையோடும் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் எழுதிய சீட்டுக்குப் பணம் மீளக் கிடைக்காது. சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டுப் பின்னர் அனுமதி கேட்கும் முறையைத் தயவுசெய்து தவிருங்கள்.

பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து மடிக்கணினியோ பலகையோ அனுப்ப முன்வந்தால் நன்றியோடு ஏற்கலாம். ஆனால் அது வந்த அன்றே தொடரிலக்கத்தோடு பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் அதற்கு யாரும் பொறுப்பில்லாமற் போகும். பழைய கணினியானால் அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்றும் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது.

9. கடவுச்சொல், பிள்ளைகளின் படம், பதிப்புரிமை

பாடசாலைக்கான கூகுள் கணக்கை ஒருவரின் தனிப்பட்ட தொலைபேசி இலக்கத்தோடு இணைத்தால், அவர் இடமாற்றம் பெறும் நாளில் கணக்கும் அவரோடு போய்விடும். மீட்பு இலக்கமாகப் பாடசாலையின் இலக்கத்தை இடுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து அதிபரிடம் ஒப்படையுங்கள். ஆசிரியர் தன் சொந்தக் கணக்கோடு பலகையில் உள்நுழைந்தால், வெளியேறிவிட்டே அறையைப் பூட்ட வேண்டும்.

வகுப்பறைப் படங்களை முகநூலில் இடும் ஆர்வம் பயிற்சிக்குப் பின் கூடும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் பெறுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் இருக்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு நினைவூட்டுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. விற்பனையில் உள்ள ஒரு பயிற்சி நூலை முழுமையாக ஸ்கான் செய்து வட்ஸ்அப் குழுவில் விடுவதை அதனால் நியாயப்படுத்த முடியாது. நூலகரே இதைச் சொல்லாவிட்டால் பாடசாலையில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

10. வகுப்புக்குள் கூடவே போங்கள்

பயிற்சி அறையில் நன்றாகச் செய்த ஆசிரியர், நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கும்போது தடுமாறுவது இயல்பு. ஆகவே அவருடைய முதல் பாடத்துக்கு நீங்களும் போய் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருங்கள். அழைத்தாலொழிய முன்னே போக வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் தீராத சிக்கலென்றால், அதை விட்டுவிட்டுப் பாடநூலோடு தொடரும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கையே அவருக்குத் துணிவு தரும். இரண்டாம் பாடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் போதும் என்ற நிலை வரும், மூன்றாவதற்கு அழைக்கமாட்டார்.

ஸ்மார்ட் பலகை அறைக்கான பதிவுப் புத்தகத்தை நூலக மேசையில் வைத்திருங்கள். திகதி, பாடவேளை, ஆசிரியர், தரம், பாடத்தின் தலைப்பு, ஏற்பட்ட பழுது என்ற ஆறு நிரல்கள் போதும். இந்தப் புத்தகம் இரண்டு வேலைகளைச் செய்யும். ஒரே பாடவேளைக்கு இருவர் வந்து நிற்பதைத் தடுக்கும். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது பலகை உண்மையில் பயன்படுகிறது என்பதற்கு ஆதாரமாகும். அமர்வுகளின் வரவு இடாப்பு, அங்கீகரித்த கடிதம், செலவுப் பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், இரண்டு பக்க அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, தவணை முடியும் முன்னர் அதிபரிடம் ஒரு பிரதியைக் கையளியுங்கள். பங்குபற்றிய ஆசிரியர்களுக்கு அதிபர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதமும் கொடுங்கள். அவர்களுடைய சுயவிவரக் கோவையில் அது இடம்பெறும்.

புதிய தவணையின் முதல் வாரத்தில், இடமாற்றம் பெற்று வந்தவர்களின் பெயர்களை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, மூன்றாம் படியில் சொன்ன நான்கு வரிப் படிவத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். படிவம் திரும்பி வந்த வாரத்திலேயே அவர்களுக்கான முதல் அமர்வுக்கு ஒரு பாடவேளையைக் குறித்து, பிரதி அதிபரிடம் பெயர்களைக் கொடுங்கள்.